நிறுவும் முன் இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸைப் பற்றி, ‘பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற யோசனை நாலா பக்கமிருந்தும் வருகிறது. ‘அதெல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்குத்தான்’ என்ற பழைய பல்லவியும் கூடவே வருகிறது. இரண்டுமே அரைகுறை. முதல் கூட்டம் நிறுவும்போது வரும் சிக்கல்களைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது. இரண்டாவது கூட்டம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய லினக்ஸை மனத்தில் வைத்துப் பேசுகிறது.

ஒழுங்காக நிறுவி, வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் சரிபார்த்துக் கையில் கொடுத்துவிட்டால், இணையம் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப, வீடியோ பார்க்க, கடிதம் அடிக்க லினக்ஸ் மின்ட்டுக்கும் (லினக்ஸின் பல வகைகளில் ஒன்று) விண்டோஸுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கீழே ஒரு மூலையில் மெனு, மறு மூலையில் கடிகாரம், நடுவே பிரவுசர், அவ்வளவுதான். கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான், அதாவது இயங்குதளத்தின் மையக் கரு. அதை யாரும் கஷ்டம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் போனைத் தயாரித்தவரே வன்பொருளையும் இயங்குதளத்தையும் பொருத்திப் பார்த்து அனுப்பிவிடுகிறார். கணினியில் அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது. ‘லினக்ஸ் கஷ்டம்’ என்ற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையைப் பற்றியதே. யோசித்துப் பார்த்தால், விண்டோஸைத் தன் கையால் நிறுவிய சாதாரணப் பயனர்கள்தான் எத்தனை பேர்?

நல்ல விஷயம், இந்தப் பொருத்தத்தை வன்தட்டில் கை வைக்காமலே பார்த்துவிடலாம். பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓடவிட்டுப் பார்க்கும் வசதி உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ‘லைவ்’ முறை என்பார்கள். இரண்டு மணி நேரம் செலவழித்தால், மாறலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பலர் இதைத்தான் செய்வதில்லை. நேராக ‘இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்திவிட்டு மறுநாள் பிரிண்டரோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

முதலில் கணினியின் வயதைப் பற்றி. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டும் திறக்க விடும் செக்யூர் பூட், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இதனால்தான் வெளியே நிற்கின்றன. அவை லினக்ஸுக்கு மிக வசதியான கணினிகள். வன்பொருள் பல வருடப் பழக்கமானது, டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) கர்னலிலேயே இருக்கின்றன. ஆனால் ‘எந்தப் பழைய கணினியும் லினக்ஸ் போட்டால் பறக்கும்’ என்பதை நம்ப வேண்டாம். மின்ட்டின் முதன்மை வடிவமான சினமன் பதிப்புக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். இயங்குதளம் சிக்கனமாக இருந்தாலும் பிரவுசர் சிக்கனமாக இருப்பதில்லை. 2 ஜிபி கணினியில் நாலு டேப் திறந்ததும் நினைவகம் நிரம்பி, எல்லாம் வன்தட்டுக்கும் ரேமுக்கும் இடையே அலையத் தொடங்கும். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் பழைய கணினிக்கு மிகப் பெரிய உபகாரம், எந்த இயங்குதளமானாலும். 32 பிட் பிராசசர் என்றால் ஆசையை விட்டுவிடலாம். கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, மின்ட் 2020-இல் 20-ஆம் பதிப்போடு விட்டது, 2025-இல் வந்த டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸிலும் அதற்கான நிறுவல் கோப்பு இல்லை.

பென்டிரைவ் 8 ஜிபி இருந்தால் போதும். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு (முழு நிறுவல் வட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 24.04-இன் கோப்பு 6 ஜிபியை ஒட்டி. இறக்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து திறக்காது. விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம். ரூஃபஸ் எழுதத் தொடங்கும் முன் ‘ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா’ என்று கேட்கும். ஐஎஸ்ஓ முறையில் எழுதுங்கள், அது பூட் ஆகாவிட்டால் மட்டும் டிடி. எழுதும் முன் இன்னொரு வேலை. தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணையும் இறக்கிய கோப்பின் எண்ணையும் ஒப்பிடுங்கள். நிறுவல் பாதியில் காரணம் தெரியாமல் நின்றுபோவதற்கு, அரைகுறையாக இறங்கிய கோப்பு ஒரு பழம்பெரும் காரணம்.

கணினியைத் திறந்தவுடன் பூட் மெனுவுக்கான விசையை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால், முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். லைவ் முறையில் ஓடும்போது வேகத்தை வைத்து எடை போடாதீர்கள், பென்டிரைவ் எப்போதும் மெதுவானதுதான். பார்க்க வேண்டியவை வேறு. வைஃபை பட்டியல் தெரிகிறதா? ஒலி அமைப்பில் ஸ்பீக்கரின் பெயர் இருக்கிறதா, அல்லது ‘டம்மி அவுட்புட்’ என்று இருக்கிறதா? பின்னது என்றால் ஒலி அட்டைக்கு டிரைவரோ ஃபர்ம்வேரோ கிடைக்கவில்லை என்று பொருள். கேமராவையும் மைக்கையும் பிரவுசரிலேயே சோதிக்கலாம். மடிக்கணினியை மூடிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். திரை உயிர் பெறுகிறதா, வைஃபை திரும்ப வருகிறதா என்பது இந்த ஒரு சோதனையில் தெரியும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்க நிலையே கிடையாது. ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ மட்டும்தான், அதில் லினக்ஸ் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னக்கூடும். கைரேகை வருடிகளில் கணிசமானவை வேலை செய்யாது, அதை எதிர்பார்க்காமல் இருப்பதே நலம்.

வைஃபை தெரியவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். சில பிராட்காம் சிப்புகளுக்கான டிரைவர் திறமூலம் அல்ல, தனியாகச் சேர்க்க வேண்டியது. இணையம் இருந்தால்தான் டிரைவர், டிரைவர் இருந்தால்தான் இணையம் என்ற இந்தச் சிக்கலுக்கு எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டால், கம்பி இணையம் போல உடனே எடுத்துக்கொள்ளும். பிறகு மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’, உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு மணியை உங்கள் சொந்தக் கோப்புகளுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்குங்கள். பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது அச்சு முறை தெரிந்த பிரிண்டருக்கு டிரைவரே தேவையில்லை. இணைத்த சில நொடிகளில் பெயர் வரும், ஸ்கேனரும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். ஹெச்பி பிரிண்டர்களுக்கு ஹெச்பிலிப் என்ற தொகுப்பு இருக்கிறது. அதன் சில லேசர் மாடல்களுக்குக் கூடுதலாக ஒரு ‘பிளக்-இன்’ வேண்டும். அது ஹெச்பிலிப்பின் பதிப்பு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு உயர்த்திய மறுநாள் பிரிண்டர் மௌனமாகிவிடும். பழுது என்று நினைத்து கார்ட்ரிட்ஜை மாற்றுபவர்கள் உண்டு. பிளக்-இன்னை மறுபடி இறக்கினால் போதும். உண்மையான தலைவலி, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு, தனக்கே உரிய மூடிய மொழியில் பேசும் பழைய மலிவு லேசர் பிரிண்டர்கள்தான். அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் பழைய நூலகங்களை நம்பி எழுதியதாக இருக்கும். ஒருநாள் ஓடும், அடுத்த புதுப்பிப்பில் படுத்துவிடும். தினமும் அச்சிட வேண்டியவர் அந்தப் பிரிண்டரை வைத்துக்கொண்டு மாறாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்து, ஆவணங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு இலவச மாற்றான லிப்ரே ஆபிஸில் வேர்டு கோப்பைத் திறந்ததும் பத்துப் பக்கம் பதினொன்றாகிவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் குற்றவாளி லிப்ரே ஆபிஸ் அல்ல, எழுத்துரு. கலிப்ரி கணினியில் இல்லாதபோது வேறு எழுத்துரு அதன் இடத்தில் உட்காருகிறது. ஒவ்வொரு எழுத்தின் அகலமும் இம்மி மாறினாலே வரிகள் உடைந்து அட்டவணை நகர்ந்துவிடும். கலிப்ரிக்கு அதே அகலத்தில் செய்யப்பட்ட கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் வரிசை என்று மாற்றுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். தீராதது மேக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல். எக்ஸெலில் விபிஏ எழுதி ஓட்டும் கணக்குத் தாள்கள் லிப்ரே ஆபிஸில் பாதி ஓடும், பாதி ஓடாது, எந்தப் பாதி என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பிழைப்பு அப்படி ஒரு தாளில் தொங்குகிறது என்றால் அதையே முதல் சோதனையாக வையுங்கள்.

தமிழில் அடிப்பவர்களுக்கு இங்கே தனியாகச் சில வரிகள் வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இது இருக்காது. விசைப்பலகை அமைப்பில் ‘தமிழ்’ என்று தேடினால் தமிழ்99 விசைப்பலகை இரண்டு இடங்களிலிருந்து வரும். ஒன்று எக்ஸ்கேபி என்ற அடிப்படை அமைப்பில் உள்ள ‘தமிழ்நெட் 99’. மற்றது எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பு வழியாக வருவது. முன்னது விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும். க-வை இரண்டு முறை தட்டினால் ‘கக’ என்றுதான் விழும். தமிழ்99-இன் உயிரே முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்து ‘க்க’ ஆவதுதான். அந்த விதி எம்17என்னில்தான் இருக்கிறது. ‘லினக்ஸில் தமிழ்99 சரியாக வேலை செய்யவில்லை’ என்பவர்களில் பலர் தேர்ந்தெடுத்தது தவறான தமிழ்99-ஐ. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்பி வந்து, உள்ளீட்டுப் பட்டியலில் எம்17என் என்று குறித்திருப்பதைச் சேருங்கள். ஒலிபெயர்ப்பு, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட் முறைகளும் அங்கேயே இருக்கும். உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். கேடிஇ டெஸ்க்டாப்பில் இன்னொரு படி இருக்கிறது. வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் உள்நுழைந்திருந்தால், அமைப்புகளில் ‘விர்ச்சுவல் கீபோர்டு’ பகுதிக்குப் போய், ஐபஸ் போன்ற இன்னொரு உள்ளீட்டுக் கருவியான ஃபிசிட்எக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் திரை விசைப்பலகை போலத் தோன்றுவதால் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

லிப்ரே ஆபிஸிலும் ஒரு கண்ணி உண்டு. தமிழை அது ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஒரே பத்தியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு. பாணிகளைத் திருத்தி ‘அளவு 14’ என்று போட்டும் தமிழ் எழுத்து மட்டும் 12-லேயே நிற்பது இதனால்தான். ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ வழியாக மொழி அமைப்புக்குப் போய் அந்த வகைக்கான பெட்டியில் டிக் போட்டு, பக்கத்தில் மொழியைத் தமிழாக்கினால், எழுத்துருச் சாளரத்தில் அதற்கான பகுதி தெரியத் தொடங்கும். ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வேறு கதை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து இரட்டைச் சொடுக்கி நிறுவினால் படிக்கலாம், அச்சிடலாம். தேடவோ, மின்னஞ்சலில் ஒட்டவோ வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இது விண்டோஸிலேயே இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை என்பதால் லினக்ஸின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

லைவ் சோதனை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிறுவும் முன் விண்டோஸ் பக்கம் மூன்று வேலை. ஒன்று, கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுப்பது. நிறுவியில் ‘வட்டை முழுதும் அழித்து நிறுவு’ என்ற வரியும் ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற வரியும் அடுத்தடுத்துத்தான் இருக்கும், கை தவறினால் திரும்பப் பெற வழியில்லை. இரண்டு, பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள். இரு இயங்குதளமும் வேண்டுமென்றால் குறியாக்கத்தை அணைப்பதே எளிது. மூன்று, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’. இது இயக்கத்தில் இருந்தால் ‘ஷட்டவுன்’ கொடுத்தும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டிலிருந்தே செய்வது பாதுகாப்பு. 50 ஜிபிக்குக் குறையாமல் சுருக்குங்கள். 200 ஜிபி காலியிருந்தும் 10 ஜிபிக்கு மேல் சுருங்க மறுத்தால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், பேஜ் ஃபைலோ ஹைபர்னேஷன் கோப்போ. அவற்றைத் தற்காலிகமாக அணைத்து மறுபடி முயலுங்கள். நிறுவிக்கு வட்டே கண்ணில் படவில்லை என்றால், பயாஸில் (கணினி திறக்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸை ‘சேஃப் மோடில்’ திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்து, பிறகு சாதாரணமாகத் திறக்க வேண்டும். இந்த இடத்தில் தயக்கம் இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

நிறுவல் முடிந்த பிறகு வரும் ஒரு திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதி வழியில் பலரைக் கவிழ்ப்பது அதுதான். செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்க, என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைக்கானது போன்ற வெளி டிரைவரையும் சேர்க்கச் சொன்னால், நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்கும். இது உங்கள் லாகின் கடவுச்சொல் அல்ல, ஒரே ஒரு முறை பயன்படுவது. மறுதொடக்கத்தில் லினக்ஸ் வராது. நீலப் பின்னணியில், பழைய பயாஸ் போன்ற எழுத்தில் ‘பெர்ஃபார்ம் மோக் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு மெனு வரும். மோக் என்பது, வெளி டிரைவரை செக்யூர் பூட் ஏற்பதற்காக நாம் சேர்க்கும் சாவி. சில நொடிகள்தான் காத்திருக்கும். முதல் வரி ‘கன்டினியூ பூட்’. பார்ப்பதற்கு அதுதான் நல்ல பிள்ளையாகத் தெரியும், எல்லாரும் அதைத்தான் அழுத்துவார்கள், அதுதான் தவறு. ‘என்ரோல் மோக்’, பிறகு ‘கன்டினியூ’, ‘யெஸ்’, அந்தக் கடவுச்சொல், ‘ரீபூட்’ என்று போக வேண்டும். வைரஸ் என்று பயந்து தவிர்த்தாலோ நேரம் கடந்துவிட்டாலோ டிரைவர் ஏறாது. திரைத் தெளிவு குறைந்து, இரண்டாவது மானிட்டர் வராமல், ‘லினக்ஸுக்கு என்விடியா ஒத்துக்கொள்ளாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினால் அந்தத் திரை இன்னொரு முறை வரும். இவ்வளவு முக்கியமான படியை இவ்வளவு அருவருப்பான திரையில் வைத்ததற்கு லினக்ஸ் விநியோகஸ்தர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம் வைப்பது ஒரே சமையலறையில் இரண்டு பேர் ஆள்வது போன்றது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தைத் திறந்துவிடும் சிறு நிரல்கள்) தடை செய்யும் பட்டியலை மாற்றியதில், பல இரட்டைப் பூட் கணினிகளில் லினக்ஸ் திறக்கவே மறுத்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. சிறிய தொல்லை கடிகாரம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போதெல்லாம் மணி தாறுமாறாகும், பிரவுசர் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டும். லினக்ஸை உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் சொன்னால் தீர்ந்தது. இடவசதி உள்ள மேசைக் கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் லினக்ஸை வைப்பது இத்தனைக்கும் சுருக்கமான விடை.

எது வராது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஃபோட்டோஷாப்புக்கும் ஆட்டோகேடுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களில் சிலவற்றுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே இருக்கும். வைன் என்பது விண்டோஸ் மென்பொருளின் அழைப்புகளை லினக்ஸுக்கு மொழிபெயர்க்கும் அடுக்கு. சிறிய, பழைய மென்பொருள்கள் அதில் அழகாக ஓடும், உரிமச் சோதனையும் வன்பொருள் டோக்கனும் கலந்தவை பெரும்பாலும் தடுக்கி விழும். விளையாட்டுகளின் நிலை, வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை 2018-இல் கொண்டுவந்த பிறகு ஆச்சரியப்படும் அளவுக்கு மாறிவிட்டது. ஆனால் வாலரன்ட் போல, கர்னல் மட்டத்தில் ஏமாற்றுத் தடுப்பு வைக்கும் ஆன்லைன் விளையாட்டுகள் ஓடாது. கட்டணத் திரைப்படத் தளங்கள் சிலவற்றில் முழுத் தெளிவு கிடைக்காமல் போவதும் உண்டு.

மென்பொருள் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் தேடி, இறக்கி, இரட்டைச் சொடுக்கும் விண்டோஸ் பழக்கத்தை இங்கே கொண்டு வராதீர்கள். உள்ளேயே இருக்கும் மென்பொருள் அங்காடியில் எடுங்கள். ஃபிளாட்பேக் வடிவில் வருபவை கூண்டுக்குள் ஓடுபவை. பென்டிரைவில் உள்ள கோப்பு அதற்குத் தெரியவில்லை என்றால் பென்டிரைவ் கெட்டுவிடவில்லை, அனுமதி இல்லை. ஃபிளாட்சீல் என்ற கருவியில் அனுமதி கொடுக்கலாம். நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு மென்பொருளான ஆப்இமேஜைச் சொடுக்கியும் ஒன்றுமே நடக்காவிட்டால், முதலில் அதன் பண்புகளில் இயக்க அனுமதியைப் பாருங்கள். உபுண்டு 22.04 முதல் வந்த பதிப்புகளில், ஆப்இமேஜ் பலவற்றுக்குத் தேவையான ஃபியூஸ் 2 நூலகம் இயல்பாக இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

புதுப்பித்த மறுநாள் வைஃபையோ ஒலியோ போய்விட்டால் மறுபடி நிறுவ ஓட வேண்டாம். பழைய கர்னல் இன்னும் வட்டில்தான் இருக்கிறது. திறக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப்பைத் தட்டி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், இரண்டாவதாக உள்ள எண்ணைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய நிலை திரும்பும். மின்ட்டில், இயங்குதளத்தின் படிமத்தை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும்: விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் அது படிமத்தைச் சேமிக்காது, லினக்ஸ் பார்ட்டிஷன் வேண்டும். இயல்பு அமைப்பில் உங்கள் சொந்தக் கோப்புகளை அது நகலெடுப்பதும் இல்லை. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி நகல் வேண்டும்.

டெர்மினல் (கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரை) இல்லாமல் காலம் தள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அன்றாட வேலையில் முடியும், பழுது பார்க்கும்போது முடியாது. இணையத்தில் கிடைக்கும் விடை கட்டளை வடிவில்தான் இருக்கும், ஏனென்றால் எழுதுபவருக்கு அதுதான் சுருக்கம். ஆபத்து அங்கே ஒளிந்திருக்கிறது. 2012-இல் எழுதிய விடையை இன்றைய பதிப்பில் ஒட்டக் கூடாது, பதிப்பு எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். ‘பின்வரும் தொகுப்புகள் நீக்கப்படும்’ என்று நீளமான பட்டியல் வந்தால் நிறுத்துங்கள். 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு அங்காடியை நிறுவப் போனபோது, தொகுப்புக் குழப்பத்தால் டெஸ்க்டாப்பே நீக்கப்பட்டது. எச்சரிக்கை திரையில் இருந்தது, ஆனால் கேட்ட வாக்கியத்தை அப்படியே தட்டச்சு செய்து தாண்ட முடிந்தது. பிறகு மென்பொருளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஏபிடி நிரலில் அந்த வழியை அடைத்தார்கள்.

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. விண்டோஸ் பழக்கமுள்ளவருக்கு மின்ட் சினமன், இல்லையென்றால் உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு. மின்ட் 22-க்கும் உபுண்டு 24.04-க்கும் 2029 வரை புதுப்பிப்பு உண்டு. ஃபெடோரா நல்ல தயாரிப்பு, ஆனால் காப்புரிமை காரணமாக சில வீடியோ கோடெக்குகள் (வீடியோ வடிவங்களைப் படிக்கும் நிரல்கள்) அதில் இல்லை, வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். இந்த ஒப்பீடுகளை எல்லாம் ஒதுக்கிவிடக்கூடிய ஒரே ஓர் அளவுகோல் உண்டு: கூப்பிட்டால் வந்து பார்க்கக்கூடியவர் எதை வைத்திருக்கிறாரோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மாறும் வரிசையைப் பற்றி ஒரு பெரிய அனுபவம் பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2004-இல் முடிவெடுத்து, 2013-க்குள் 15,000-ஐ ஒட்டிய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அரசியல் காரணங்கள் இருந்தன. வெளி அலுவலகங்களோடு ஆவணம் பரிமாறுவதில் வந்த சிக்கலும் இருந்தது. பிரான்சின் ஜென்டார்மெரி காவல் படை வேறு வழியில் போனது. 2005-இல் விண்டோஸிலேயே ஓப்பன் ஆபிஸ், பிறகு ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும், ஆட்கள் அவற்றுக்குப் பழகிய பிறகு, 2008-இல் தொடங்கி உபுண்டு. கடைசி அடி வைத்தபோது மாறியது பின்னணி மட்டும்தான், கையில் இருந்த கருவிகள் அப்படியே இருந்தன. வீட்டுக் கணினிக்கும் இது பொருந்தும். இன்றே விண்டோஸில் லிப்ரே ஆபிஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் நிறுவி மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபிஸைத் திரும்பத் திறக்க வேண்டி வந்த ஒவ்வொரு முறையும், எதற்காக என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள் காலியாக இருந்தால் பென்டிரைவை எடுக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். லினக்ஸ் பற்றிய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, எந்தப் பதிப்பில், எவ்வளவு ரேம் உள்ள கணினியில், எந்தப் பிரிண்டரோடு சோதித்தது என்று அடியில் ஒரு வரி சேருங்கள். ‘தமிழ் தட்டச்சு வேலை செய்கிறது’ என்று எழுதினால், எந்த உள்ளீட்டு முறை என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாத கட்டுரையைப் படித்துவிட்டு நிறுவப் போகிறவர்தான் மறுநாள் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்